நடுப்பருவத்தில் ஒரு மேலாளரைத் தேடுதல்: 2022–23 பிரீமியர் லீக்கின் அடிமட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள் குறித்த நிகழ்வு ஆய்வு

புள்ளிப்பட்டியலின் அடியில் தவிக்கும் கால்பந்துக் கழகம் ஒன்று பருவத்தின் நடுவே மேலாளரை (அணியைப் பயிற்றுவித்து, ஆடுபவர்களைத் தேர்ந்தெடுக்கும் தலைமைப் பயிற்சியாளரை) நீக்கினால், மறுநாள் காலையிலேயே பத்திரிகைகளும் ரசிகர்களும் பெயர்களைப் பட்டியலிடத் தொடங்கிவிடுகிறார்கள். கழக நிர்வாகமும் பெரும்பாலும் அதே தடத்தில்தான் போகிறது: இப்போது வேலையில்லாமல் இருப்பவர் யார், வேறொரு கழகத்திலிருந்து இழப்பீடு கொடுத்து யாரை அழைத்துவரலாம், யாருடைய பெயரை அறிவித்தால் அரங்கத்தின் கொந்தளிப்பு அடங்கும். பெயரைத் தேடும் கட்டம் வருவதற்குள் தேர்வின் பெரும்பகுதி முடிந்துபோயிருக்கிறது என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு. பழைய மேலாளரை எந்த நாளில் நீக்கினார்கள், எஞ்சிய ஆட்டங்கள் யார் யாருடன், கையில் இருக்கும் வீரர்கள் எந்த ஆட்டமுறைக்காக வாங்கப்பட்டவர்கள், அந்த அணிக்காக நிர்வாகம் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறது என்பவை முடிவாகிவிட்டால், பொருந்தக்கூடிய பெயர்கள் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். இவை முடிவாகாத இடத்தில் எவ்வளவு பெரிய பெயர் வந்தாலும் அது ஒரு சூதாட்டமாகவே அமைகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க இங்கிலாந்தின் 2022–23 பிரீமியர் லீக் பருவத்தைவிடப் பொருத்தமான களம் அமைவது அரிது. ஒரே பருவத்தில், ஒரே அபாயத்தின் முன் நின்ற பல கழகங்கள் வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு வகையான மனிதர்களைத் தேர்ந்தெடுத்தன; ஒரு கழகமோ மாற்றாமலே இருந்தது. 20 அணிகள் தலா 38 ஆட்டங்கள் ஆடும் இந்த லீக்கில் கடைசி 3 இடங்களைப் பிடிப்பவை சாம்பியன்ஷிப் எனப்படும் இரண்டாம் நிலைக்கு இறக்கப்படுகின்றன. அந்தப் பருவத்தில் கடைசி இடம் பிடித்த அணிக்குக்கூட லீக்கின் பொது வருவாயிலிருந்து 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்தது. கீழிறங்கும் கழகங்களுக்குச் சில ஆண்டுகள் ஆறுதல் தொகை உண்டு என்றாலும், இழப்பின் அளவு மிகப் பெரியது. ஆகவே இந்த முடிவுகள் எல்லாம் அச்சத்தின் நடுவில் எடுக்கப்பட்டவை என்பதை நினைவில் வைத்தே அவற்றை மதிப்பிட வேண்டும்.

பருவ முடிவில் அடிமட்டம் இப்படி இருந்தது: நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 38 புள்ளிகளுடன் 16-ஆம் இடம், எவர்ட்டன் 36 புள்ளிகளுடன் 17-ஆம் இடம். அதற்குக் கீழே லெஸ்டர் சிட்டி 34, லீட்ஸ் யுனைடெட் 31, சவுத்தாம்ப்டன் 25, இம்மூன்றும் தரமிறங்கின.

எவர்ட்டன்: இரண்டு பேர், இரண்டு வேலைகள்

2023 ஜனவரி 21 அன்று வெஸ்ட் ஹாமிடம் 0–2 எனத் தோற்ற எவர்ட்டன், இரண்டு நாட்கள் கழித்து ஃபிராங்க் லாம்பார்டை நீக்கியது. அப்போது அணி 20 ஆட்டங்களில் 15 புள்ளிகளுடன் 19-ஆம் இடத்தில் இருந்தது. 1954 முதல் இடைவிடாமல் முதல்நிலையில் ஆடிவரும் கழகம் அது. முந்தைய கோடையில் ரிச்சார்லிசனை டாட்டனத்துக்கு விற்றிருந்தார்கள். முன்களத்தின் இன்னொரு தூணான டொமினிக் கால்வர்ட்-லூவின் காயத்தால் அடிக்கடி ஆட முடியாமல் இருந்தார். 20 ஆட்டங்களில் அடித்த கோல்கள் 15 மட்டுமே.

அடுத்த சில நாட்களில் பரிசீலனையில் இருந்த முதன்மைப் பெயர்கள் இரண்டு: மார்செலோ பியெல்சா, ஷான் டைச். இவ்விருவரையும் ஒரே பட்டியலில் வைத்ததே நிர்வாகம் அந்த நேரத்தில் எவ்வளவு குழம்பியிருந்தது என்பதைக் காட்டுகிறது. பியெல்சாவின் ஆட்டமுறை களம் முழுவதும் எதிரணியினரை ஆளுக்கு ஆள் விரட்டிப் பிடிப்பது. அதற்கு ஓட்டத்திறனும் மாதக்கணக்கான பயிற்சியும் வேண்டும். டைச்சின் ஆட்டமுறை நான்கு தற்காப்பு வீரர்களை நெருக்கமாக நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து பந்தை உள்ளே செலுத்தி, கார்னர்களையும் ஃபிரீ கிக்குகளையும் ஆயுதமாக்குவது. இருவருக்கும் பொதுவாக இருந்தது, அந்த வாரம் இருவரும் வேலையில் இல்லை என்பது மட்டுமே.

பியெல்சா லண்டனுக்கு வந்து பேச்சு நடத்தினார். அப்போது வெளியான செய்திகளின்படி, தன் முறையை நடுப்பருவத்தில் இந்த அணியின் மேல் ஏற்ற முடியாது என்று கருதிய அவர், கோடை வரை இளையோர் அணியைப் பயிற்றுவித்துவிட்டுப் பிறகு மூத்த அணியைப் பொறுப்பேற்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். இதை வேடிக்கையாகப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அந்த வாரம் முழுவதும் நடந்த பேச்சுகளில் மிகத் தெளிவான கூற்று அதுதான் என்பது என் கருத்து. தன்னால் செய்யக்கூடிய வேலை எது, அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும், கழகத்திடம் அந்தக் காலம் இருக்கிறதா என்பதை நிர்வாகத்தைவிட விண்ணப்பதாரரே நன்றாக அளந்துவைத்திருந்தார்.

ஜனவரி 30 அன்று டைச் நியமிக்கப்பட்டார். வீரர்களை வாங்கி விற்கும் ஜனவரி டிரான்ஸ்பர் காலம் மறுநாள் முடிந்தது. எவர்ட்டன் அந்த மாதம் ஒருவரைக்கூட வாங்கவில்லை. இளம் முன்கள வீரர் ஆன்டனி கார்டனை நியூகாசிலுக்கு விற்றிருந்தது. எனவே புதியவர் இருப்பதை வைத்தே சமைக்க வேண்டிய நிலை. டைச்சுக்கு இதில் ஒரு வாய்ப்பும் இருந்தது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பர்ன்லியை நடத்தியவர் அவர். அங்கே அவரிடம் ஆடிய ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கி, டுவைட் மெக்நீல், மைக்கேல் கீன் மூவரும் இப்போது எவர்ட்டனில் இருந்தார்கள். அவர் என்ன கேட்பார், எங்கே நிற்கச் சொல்வார், எந்தத் தவறை மன்னிக்கமாட்டார் என்பதை மற்ற வீரர்களுக்கு எடுத்துச்சொல்ல அணிக்குள்ளேயே ஆட்கள் இருந்தார்கள்.

பிப்ரவரி 4 அன்று எவர்ட்டனின் அப்போதைய சொந்த மைதானமான குடிசன் பார்க்கில் நடந்த முதல் ஆட்டத்தில் எதிரணி ஆர்சனல். அப்போது பட்டியலின் முதலிடத்தில் இருந்த அணி. அறுபதாவது நிமிடத்தில் மெக்நீல் அடித்த கார்னரை டார்கோவ்ஸ்கி தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். எவர்ட்டன் 1–0 என வென்றது. பந்தைக் கொடுத்தவரும் கோலாக்கியவரும் பழைய பர்ன்லி வீரர்கள். ஐந்து நாள் பயிற்சியில் ஒரு புதிய ஆட்டமுறையைப் புகுத்த முடியாது; ஆனால் ஏற்கெனவே சிலருக்குத் தெரிந்த ஒன்றை மறுபடி எழுப்பிவிட முடியும்.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைத் திருத்தவேண்டியிருக்கிறது. டைச் வந்ததும் தற்காப்பு இறுகியது, அதனால் அணி தப்பியது என்று பலரும் எழுதினார்கள். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. லாம்பார்டின் 20 ஆட்டங்களில் எவர்ட்டன் வாங்கிய கோல்கள் 28. டைச்சின் 18 ஆட்டங்களில் வாங்கியவை 29. சராசரியாகப் பார்த்தால் தற்காப்பு சற்று மோசமாகத்தான் ஆனது. மாறியது மறுமுனை: 20 ஆட்டங்களில் 15 கோல்கள் என்றிருந்தது 18 ஆட்டங்களில் 19 கோல்கள் என்றானது. லாம்பார்டின் கடைசி வாரங்களில் ஓரங்கட்டப்பட்டிருந்த நடுக்கள வீரர் அப்துலாயே டூகூரேவை டைச் மீண்டும் அணிக்குள் கொண்டுவந்து, முன்கள வீரருக்குச் சற்றுப் பின்னால் ஓடவிட்டார். மே 8 அன்று பிரைட்டனின் சொந்த மைதானத்தில் 5–1 எனக் கிடைத்த எதிர்பாராத வெற்றியில் டூகூரேவும் மெக்நீலும் தலா இரண்டு கோல்கள் அடித்தார்கள். மே 28 அன்று கடைசி ஆட்டத்தில் போர்ன்மவுத்துக்கு எதிராக அணியைக் காப்பாற்றிய ஒரே கோலும் டூகூரேவின் காலிலிருந்து வந்ததுதான். புதிய மேலாளர் கொண்டுவரும் ஆட்டமுறையைவிட, பழையவர் ஒதுக்கிவைத்த வீரர் யார் என்பதை அவர் கண்டுகொள்கிறாரா என்பது சில நேரங்களில் அதிகப் பலன் தருகிறது.

ஏப்ரல் 1: ஒரே ஆட்டத்தில் இரண்டு நிர்வாகங்கள்

லெஸ்டர் சிட்டியின் கதை முற்றிலும் வேறு. 2016-இல் லீக்கையும் 2021-இல் இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையையும் வென்ற அணி. முந்தைய பருவத்தில் 8-ஆம் இடம். 2022–23-ஐ முதல் 7 ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளியுடன் தொடங்கியபோதும் பிரெண்டன் ராட்ஜர்ஸை நிர்வாகம் விட்டுக்கொடுக்கவில்லை. நீண்டகாலக் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேல் கோடையில் வெளியேறியிருந்தார். செலவழிக்கப் பணமில்லாத கழகத்தில் மேலாளரைக் குறைசொல்வது நியாயமில்லை என்ற வாதத்துக்கு இலையுதிர் காலத்தில் வலு இருந்தது. இடையில் சில வெற்றிகளும் வந்தன; பிப்ரவரியில் டாட்டனத்தை 4–1 என வீழ்த்தினார்கள். அதற்குப் பிறகு வந்த 6 லீக் ஆட்டங்களில் கிடைத்தது 1 புள்ளி.

அந்த ஆறில் ஐந்தாவது ஆட்டம் மார்ச் 18 அன்று முடிந்ததும், நாடுகளுக்கிடையேயான ஆட்டங்களுக்காக லீக்குக்கு இரண்டு வார இடைவெளி வந்தது. நடுப்பருவத்தில் மேலாளரை மாற்ற நினைக்கும் கழகத்துக்கு இதைவிட விலைமதிப்புள்ள சொத்து கிடையாது. லெஸ்டர் அதைப் பயன்படுத்தவில்லை.

பயன்படுத்தியது கிரிஸ்டல் பேலஸ். 2023 பிறந்ததிலிருந்து எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 12 ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லாத நிலையில், மார்ச் 17 அன்று பாட்ரிக் வியெராவை அது நீக்கியது. அணி அப்போது 12-ஆம் இடத்தில்தான் இருந்தது. ஆனால் அபாய எல்லைக்கும் அதற்கும் இடையே 3 புள்ளிகளே. மார்ச் 19 அன்று ஆர்சனலுடனான ஆட்டத்தை 21 வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்சியாளரிடம் விட்டுவிட்டு, மார்ச் 21 அன்று 75 வயதான ராய் ஹாட்ஜ்சனைப் பருவ இறுதிவரை மட்டும் நியமித்தது. முன்பே நான்கு ஆண்டுகள் இதே அணியை நடத்தியவர் என்பதால் பயிற்சித்திடலில் அவருக்கு யாரையும் அறிமுகப்படுத்த வேண்டிய தேவை இருக்கவில்லை.

இடைவெளிக்குப் பிந்திய முதல் ஆட்டம், ஏப்ரல் 1, பேலஸின் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க். மோதிக்கொண்டவை பேலஸும் லெஸ்டரும். லெஸ்டர் முதலில் கோல் அடித்தது. பிறகு எபெரெச்சி எஸேயின் ஃபிரீ கிக் கோல் சட்டத்தில் பட்டு, கோல்கீப்பர்மீது மோதி உள்ளே போனது. கூடுதல் நேரத்தின் நான்காவது நிமிடத்தில் ஜான்-ஃபிலிப் மட்டேட்டா வெற்றிக் கோலைப் போட்டார். மறுநாள் ராட்ஜர்ஸ் வெளியேறினார். இரண்டு வாரம் முன்பே எடுத்திருக்க வேண்டிய முடிவை, இரண்டு வாரத்தை இழந்த பிறகு, மூன்று புள்ளிகளையும் இழந்துவிட்டு எடுத்தார்கள். அதுவும் அடுத்தவர் யார் என்று தெரியாமல். பிப்ரவரியில் லீட்ஸ் நீக்கியிருந்த ஜெஸ்ஸி மார்ஷுடன் நடந்த பேச்சு முறிந்தது. ஏப்ரல் 4-இல் ஆஸ்டன் வில்லாவுடனும் ஏப்ரல் 8-இல் போர்ன்மவுத்துடனும் சொந்த மைதானத்தில் நடந்த ஆட்டங்கள் இடைக்காலப் பயிற்சியாளர்களிடம் விடப்பட்டு, இரண்டும் தோல்வியில் முடிந்தன. ஏப்ரல் 10 அன்றுதான் டீன் ஸ்மித் வந்தார். எஞ்சியிருந்தவை 8 ஆட்டங்கள்.

ஸ்மித்தின் 8 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 டிரா, 9 புள்ளிகள். இது மோசமான கணக்கல்ல. ராட்ஜர்ஸின் கீழ் 28 ஆட்டங்களில் 25 புள்ளிகள் என்ற வேகத்தைவிட மேல். இடைக்காலத்தில் வீணான இரண்டு ஆட்டங்களிலும் இதே வேகம் இருந்திருந்தால் லெஸ்டர் 36 புள்ளிகளைத் தொட்டிருக்கும். புள்ளிகள் சமமானால் பார்க்கப்படும் கோல் வித்தியாசத்தில் (அடித்தவற்றுக்கும் வாங்கியவற்றுக்கும் உள்ள வேறுபாட்டில்) எவர்ட்டனைவிட மேலே இருந்த அணி அது என்பதால் தப்பியும் இருக்கும். ஆகவே லெஸ்டர் தேர்ந்தெடுத்த ஆள் தவறு என்று சொல்ல எனக்கு ஆதாரம் தெரியவில்லை. தேர்வை நடத்திய விதத்தில்தான் தவறு: வீடு பற்றிக்கொண்ட பிறகு கிணறு வெட்ட இடம் தேடினார்கள்.

பேலஸின் வெற்றியையும் முழுதாக ஹாட்ஜ்சனின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வியெரா வெல்லாத அந்தக் காலத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை இருமுறையும், பிரைட்டனை இருமுறையும், டாட்டனம், செல்சி, நியூகாசில், லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி ஆகியவற்றையும் எதிர்கொண்டிருந்தார். ஹாட்ஜ்சனுக்குக் கிடைத்த 10 ஆட்டங்களில் லெஸ்டர், லீட்ஸ், சவுத்தாம்ப்டன், எவர்ட்டன், ஃபாரஸ்ட், போர்ன்மவுத் எனப் பெரும்பாலும் அடிமட்ட அணிகள். 5 வெற்றி, 3 டிரா, 18 புள்ளிகள் வந்தன. பேலஸ் 45 புள்ளிகளுடன் 11-ஆம் இடத்தில் முடித்தது. வியெராவே இருந்திருந்தாலும் இந்தப் பத்தில் புள்ளிகள் வந்திருக்கும், எவ்வளவு என்பதில்தான் விவாதம். நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையான ஆட்டங்களை ஆராய்ந்த நன்கறியப்பட்ட ஆய்வு ஒன்றும் இதையே காட்டியது: மேலாளரை நீக்கிய அணிகள் பிறகு மீண்டன, அதேபோலச் சரிந்தும் மேலாளரை நீக்காத அணிகளும் ஏறத்தாழ அதே அளவு மீண்டன. தொடர்ந்து தோற்கும் அணியின் தோல்வியில் ஒரு பங்கு கெட்ட நேரம். அது யார் வந்தாலும் தானே விலகும். இதை அறிந்த நிர்வாகம் செய்யவேண்டிய முதல் வேலை, கடந்த பத்து ஆட்டங்களின் எதிரணிகளையும் வரப்போகும் பத்து ஆட்டங்களின் எதிரணிகளையும் அருகருகே எழுதிப் பார்ப்பது.

லீட்ஸ்: ஒரே அணிக்கு நான்கு பேர்

மிக விரிவாகப் படிக்கத் தகுந்த தோல்வி லீட்ஸினுடையது. 2022 பிப்ரவரியில் பியெல்சாவை நீக்கிய கழகம், அதே வேகமும் அழுத்தமும் கொண்ட ஆட்டத்தைச் சற்று வேறு வடிவில் தொடரக்கூடியவர் என்று நம்பி ஜெஸ்ஸி மார்ஷைக் கொண்டுவந்தது. அந்தத் தேர்வுக்குப் பின்னால் ஒரு சிந்தனை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 ஜனவரியில் ஜார்ஜினியோ ரட்டர், மேக்ஸ் வோபர், வெஸ்டன் மெக்கென்னி ஆகியோரை மார்ஷின் முறைக்காகவே சேர்த்தார்கள். டிரான்ஸ்பர் காலம் ஜனவரி 31-இல் முடிந்தது. பிப்ரவரி 5-இல் ஃபாரஸ்டிடம் 0–1 எனத் தோற்றதும், பிப்ரவரி 6 அன்று மார்ஷ் நீக்கப்பட்டார். ஒருவருக்காக வீரர்களை வாங்கி முடித்த ஆறாம் நாள் அவரையே அனுப்பிவிடுவது, இரண்டு முடிவுகளில் ஒன்றாவது நம்பிக்கையில்லாமல் எடுக்கப்பட்டது என்பதற்குச் சான்று.

அப்போது லீட்ஸ் 20 ஆட்டங்களில் 18 புள்ளிகளுடன் 17-ஆம் இடத்தில் இருந்தது. மாற்று ஆளாக வெஸ்ட் பிராமின் கார்லோஸ் கோர்பெரான், ஃபெயனூர்டின் ஆர்னே ஸ்லாட், ராயோ வயெகானோவின் அந்தோனி இராவோலா ஆகியோரை அணுகியதாகச் செய்திகள் வந்தன. மூவரும் திறமைசாலிகள், ஆனால் மூவரும் வேறு கழகங்களில் பருவத்தின் நடுவில் இருந்தவர்கள், யாரும் வரவில்லை. பிப்ரவரியில் அப்படிப்பட்டவர்கள் வரமாட்டார்கள் என்பது மார்ஷை நீக்குவதற்கு முன்பே ஊகிக்கக்கூடியதுதான். இரண்டு வாரம் மைக்கேல் ஸ்குபாலா இடைக்காலப் பொறுப்பில் இருந்தார். 3 ஆட்டங்களில் 1 புள்ளி. அந்த மூன்றில் ஒன்று பிப்ரவரி 18 அன்று எவர்ட்டனிடம் தோற்றது. ஒருபக்கம் டைச் மூன்றாவது வாரப் பயிற்சியில் இருக்க, மறுபக்கம் மேலாளரே இல்லை.

பிப்ரவரி 21 அன்று ஹாவி கிராசியா வந்தார். நிதானமானவர், தற்காப்பு ஒழுங்கை முதன்மையாகக் கருதுபவர், 2019-இல் வாட்ஃபோர்டை எஃப்.ஏ. கோப்பை இறுதிக்கு அழைத்துச் சென்றவர். முதல் ஆட்டத்தில் சவுத்தாம்ப்டனை வென்றார். பிறகு வுல்வ்ஸையும் ஃபாரஸ்டையும் வென்றார். ஏப்ரல் 4 இரவு லீட்ஸ் 29 ஆட்டங்களில் 29 புள்ளிகளுடன் இருந்தது. தேர்வு பலித்துவிட்டது என்று எழுதியவர்கள் அன்று நிறையவே இருந்தார்கள்.

ஏப்ரல் 9, லீட்ஸின் மைதானமான எல்லண்ட் ரோடு, எதிரணி பேலஸ். முதல் பாதியில் லீட்ஸ் ஓயாமல் தாக்கியது. பாட்ரிக் பாம்ஃபோர்ட் தலையால் முட்டி முன்னிலை தந்தார். பாதிநேரம் முடியும் தறுவாயில் மார்க் கெஹி சமன் செய்தார். இரண்டாம் பாதியில் நான்கு கோல்கள் வாங்கி 1–5 எனத் தோற்றார்கள். எட்டு நாள் கழித்து லிவர்பூலிடம் 1–6. அந்த ஏப்ரலில் 7 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 23. முன்னே ஓடி அழுத்தம் கொடுக்கப் பழகிய வீரர்களைப் பின்னால் நின்று காக்கச் சொன்னால் முதல் சில வாரம் அடக்கத்துடன் நிற்பார்கள். ஒரு கோல் விழுந்து பதற்றம் ஏறியதும் பாதிப்பேர் பழைய பழக்கத்தில் முன்னே ஓட, மீதிப்பேர் பின்னாலேயே நிற்பார்கள். நடுவில் விழும் வெளியில்தான் எதிரணி புகுகிறது. பேலஸுக்கு எதிரான இரண்டாம் பாதியை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

மே மாதத் தொடக்கத்தில் கால்பந்து இயக்குநர் விக்டர் ஓர்ட்டா வெளியேறினார். மே 3 அன்று கிராசியாவும் நீக்கப்பட, 4 ஆட்டங்களுக்காக 68 வயதான சாம் அலர்டைஸ் அழைக்கப்பட்டார். பியெல்சாவின் வாரிசைத் தேடத் தொடங்கிய கழகம் பதினான்கு மாதங்களில் அவருக்கு நேரெதிரான இடத்துக்கு வந்து சேர்ந்தது. 4 ஆட்டங்களில் 1 புள்ளி கிடைத்தது. ஏப்ரல் 4-க்குப் பிந்திய 9 ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் 2 புள்ளிகள். மார்ஷின் வேகத்திலேயே போயிருந்தால் பருவ முடிவில் சுமார் 34 புள்ளிகள் இருந்திருக்கும். அதுவும் போதியிருக்காது என்றாலும், மூன்று மாற்றங்களுக்குப் பிறகு கிடைத்த 31-ஐவிட அது அதிகம்.

காலம் கிடைத்தும் தவறியவர்கள்

முன்கூட்டியே மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் சவுத்தாம்ப்டன் குறுக்கே நிற்கிறது. 2022 நவம்பர் 7 அன்று, 14 ஆட்டங்களில் 12 புள்ளிகள் இருந்தபோது, ரால்ஃப் ஹாசென்ஹியூட்டலை நீக்கி மூன்று நாளில் லூட்டன் டவுனின் நேத்தன் ஜோன்ஸை நியமித்தார்கள். கத்தாரில் நடந்த உலகக்கோப்பைக்காக லீக் ஆறு வாரம் நின்றது. ஜனவரியில் வீரர்களை வாங்கவும் பணம் இருந்தது. எவர்ட்டனுக்கோ லெஸ்டருக்கோ கனவிலும் கிடைக்காத வசதி. ஆனால் ஜோன்ஸ் 8 லீக் ஆட்டங்களில் 7-இல் தோற்றார். பிரென்ட்ஃபோர்டிடம் 0–3 எனத் தோற்ற பிறகு, வீரர்களுக்காகவும் ரசிகர்களுக்காகவும் தன் கொள்கைகளில் சமரசம் செய்துவிட்டதாக வெளிப்படையாகவே சொன்னார். பிப்ரவரி 12-இல் நீக்கப்பட்டார்.

அவர் லூட்டனில் கண்ட வெற்றி உண்மையானது. ஆனால் அது தன் முறைக்கேற்ற வீரர்களைப் பல ஆண்டுகள் பொறுக்கிச் சேர்த்து, குறைந்த செலவில், இரண்டாம் நிலை லீக்கில் கண்ட வெற்றி. சவுத்தாம்ப்டனோ இளம் வயதில் வாங்கி வளர்த்து விற்கும் கழகம். அதே இடைவெளியைப் பயன்படுத்திய வுல்வ்ஸ், ஜூலன் லோபெதெகியை நியமித்து, கடைசி இடத்தில் 10 புள்ளிகளுடன் இருந்த நிலையிலிருந்து 41 புள்ளிகளுடன் 13-ஆம் இடத்துக்கு ஏறியது. இரண்டு கழகங்களுக்கும் காலம் ஒன்றுதான். வுல்வ்ஸில் மேலாளரின் சொல்லைக் கேட்கும் அனுபவமுள்ள வீரர்கள் ஏற்கெனவே இருந்தார்கள், ஜனவரியில் வாங்கப்பட்டவர்களும் அவர் கேட்ட வகையினர்.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மாற்றாமல் தப்பியது. அக்டோபர் 3-இல் லெஸ்டரிடம் 0–4 எனத் தோற்றுக் கடைசி இடத்தில் இருந்தபோது ஸ்டீவ் கூப்பர் போய்விடுவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நான்கு நாள் கழித்து அவருக்கு 2025 வரை புதிய ஒப்பந்தம் கிடைத்தது. ஒரே கோடையில் இருபதுக்கும் மேற்பட்ட புதிய வீரர்கள் வந்திறங்கிய அணியில், அவர்களை இணைக்கும் ஒரே கயிறாக இருந்தவரை அறுத்துவிடவில்லை.

முடிவை வைத்து மட்டும் தேர்வை மதிப்பிடலாமா

மே 1 இரவு லெஸ்டரும் எவர்ட்டனும் மோதின. பாதிநேரத்துக்குச் சற்று முன் லெஸ்டர் 2–1 என முன்னிலையில் இருக்க, அதற்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ஜேம்ஸ் மேடிசன் பந்தை நேராக நடுவில் அடித்தார். பெரும்பாலான கோல்கீப்பர்கள் ஏதோ ஒரு பக்கம் பாய்ந்திருப்பார்கள். ஜோர்டான் பிக்ஃபோர்ட் நின்ற இடத்திலேயே நின்று தடுத்தார். இரண்டாம் பாதியில் அலெக்ஸ் இவோபி சமன் செய்ய, ஆட்டம் 2–2 என முடிந்தது. லெஸ்டர் அன்று வென்றிருந்தால் இறுதிப் பட்டியலில் லெஸ்டருக்கு 36, எவர்ட்டனுக்கு 35. டைச்சின் நியமனம் தோல்வி என்றும் ஸ்மித்தின் நியமனம் துணிச்சலான வெற்றி என்றும் இன்று எழுதிக்கொண்டிருப்போம்.

ஆகவே தப்பியதா, தரமிறங்கியதா என்பதை வைத்து ஒரு தேர்வை நல்லது கெட்டது எனப் பிரிப்பது நம்பகமான முறையாகாது. முடிவெடுத்த நாளில் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்க்கும்போது, எவர்ட்டனின் தேர்வு அந்தப் பெனால்டி உள்ளே போயிருந்தாலும் சரியானதே. லீட்ஸின் வரிசை, ஒருவேளை அலர்டைஸ் இரண்டு ஆட்டம் வென்று காப்பாற்றியிருந்தாலும், தவறானதே.

இந்தப் பருவத்தைப் படித்தபின் ஒரு நிர்வாகம் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை கொஞ்சம் தெளிவாகின்றன. மேலாளர் நன்றாக ஆடவைத்துக்கொண்டிருக்கும்போதே மாற்று ஆட்களின் பட்டியலை இயக்குநர் ஒருவர் ஆண்டு முழுவதும் புதுப்பித்துவர வேண்டும். அது துரோகம் என்று கருதும் மனப்போக்கு இன்னும் பல கழகங்களில் இருக்கிறது, அதன் விலையைத்தான் லெஸ்டர் ஏப்ரலின் முதல் பத்து நாட்களில் கொடுத்தது. நேர்காணலில் வருங்காலத் திட்டங்களைக் கேட்பதைவிட, அடுத்த சனிக்கிழமைக்கான பதினோரு பேரை எழுதித் தரச் சொல்வதும், இப்போது பெஞ்சில் இருப்பவர்களில் யாரை ஏன் இறக்குவீர்கள் என்று கேட்பதும் அதிகம் வெளிப்படுத்தும். அவர் தன்னுடன் யாரை அழைத்து வருகிறார் என்பதும் முக்கியம். டைச்சுடன் வந்த இயன் வோன், ஸ்டீவ் ஸ்டோன் இருவரும் பர்ன்லியிலேயே அவருடன் இருந்தவர்கள், அவர்களுக்குள் பேசிப் பழகும் காலம் தேவைப்படவில்லை. ஒப்பந்தத்தின் நீளம் பற்றி எனக்கு உறுதியான கருத்து இல்லை: டைச்சுக்கு இரண்டரை ஆண்டு, ஹாட்ஜ்சனுக்கு இரண்டரை மாதம், இரண்டும் பலித்தன. ஆனால் அந்த நீளம் வேலையோடு பொருந்த வேண்டும். ஹாட்ஜ்சனிடம் கேட்டது பத்து ஆட்டங்கள். அதற்குமேல் எதையும் கேட்பதாக யாரும் நடிக்கவில்லை.

காப்பாற்றும் வேலையும் வளர்க்கும் வேலையும் ஒன்றா என்ற கேள்விக்குப் போர்ன்மவுத் அந்தக் கோடையில் கொடுத்த பதில் பலரை அதிரவைத்தது. லிவர்பூலிடம் 0–9 எனத் தோற்றபின் ஆகஸ்ட் இறுதியில் ஸ்காட் பார்க்கரை நீக்கி, உள்ளிருந்த கேரி ஓ'நீலிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். அவர் 39 புள்ளிகளுடன் அணியை 15-ஆம் இடத்தில் நிறுத்தினார். 2023 ஜூனில் அவரை நீக்கிவிட்டு, பிப்ரவரியில் லீட்ஸுக்குக் கிடைக்காத அதே அந்தோனி இராவோலாவை நியமித்தார்கள். நன்றிகெட்ட செயல் என்று திட்டாதவர்கள் குறைவு. இராவோலாவின் முதல் 9 லீக் ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. நிர்வாகம் அசையவில்லை, ஒரு முழுக் கோடைப் பயிற்சியும் அவர் கேட்ட வீரர்களும் தந்துவிட்டு ஒன்பது ஆட்டத்தில் கணக்குக் கேட்க அது தயாராக இல்லை. அந்தப் பருவத்தை அவர் 48 புள்ளிகளுடன் 12-ஆம் இடத்தில் முடித்தார். பிரீமியர் லீக்கில் அதுவரை போர்ன்மவுத் எடுத்த அதிகபட்சப் புள்ளிகள் அவை. ஓ'நீல், பருவம் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது லோபெதெகி விலகிப்போன வுல்வ்ஸைப் பொறுப்பேற்று 46 புள்ளிகள் எடுத்தார்.